அழகுச் சக்கரமா, உழைக்கும் சக்கரமா: செட்டிநாட்டுச் சாலைகளுக்கு ஏற்ற தேர்வு

காரைக்குடியில் புதிய சைக்கிள் வாங்க வருபவர்கள் பிரேமின் நிறத்துக்கு அடுத்தபடியாகக் கவனிப்பது சக்கரத்தை. கறுப்பு ரிம் வேண்டுமா, மின்னும் வெள்ளி ரிம் போதுமா, கம்பி வைத்த சக்கரமா, அகலக் கைகள் கொண்ட மேக் வீலா என்ற கேள்விகள் கடை வாசலிலேயே எழுகின்றன. ஓட்டப்போகும் பிள்ளை ஒன்றைக் காட்ட, பணம் கொடுக்கும் தகப்பனார் வேறொன்றைக் காட்டுவதும் வழக்கம். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தினமும் ஏறி ஓட்டும் பொருள் கண்ணுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்பதை வெறும் ஆசையென்று தள்ளிவிட முடியாது. பிடிக்காத வண்டி திண்ணையோரம் சாத்தப்பட்டு, காற்று இறங்கி, டயர் வெடிப்பு விட்டுக் கிடப்பதை எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். ஆனால் சக்கரம் உழைக்கவில்லை என்றால், மற்ற உறுப்புகள் எவ்வளவு நன்றாக இருந்தும் அந்த வண்டியால் பயனில்லை.

இங்கே கடைகளில் கிடைக்கும் நான்கு வகைச் சக்கரங்களை இந்தப் பகுதியின் சாலை, மழை, பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றை வைத்து ஒப்பிட விரும்புகிறேன். உறுதியை அளக்க இரண்டு கேள்விகளைக் கையாள்கிறேன். பழுதாகும் முன் எவ்வளவு காலம் தாங்கும் என்பது முதல் கேள்வி. பழுதானபின், அதே ஊரில், அன்றைக்கே, பழுதான உறுப்பை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியுமா என்பது இரண்டாவது. சக்கரத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். அதற்கான காரணங்கள் போகப்போகத் தெரியும்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், தேவகோட்டை, திருமயம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலைகள் வழவழப்பாக இருக்கின்றன. அவற்றில் மட்டும் ஓட்டுபவருக்கு எந்தச் சக்கரமும் ஓரளவு போதும். சாலையை விட்டு ஆத்தங்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் உள்ளே இறங்கினால் நிலை மாறுகிறது. சரளை போட்ட பாதை, கண்மாய்க்கரை, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தெரு, எதிர்பாராத இடத்தில் எழுந்து நிற்கும் வேகத்தடை என்று சக்கரத்தை அடிக்கும் பொருள்கள் வரிசையாக வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் சேறு ரிம்மில் ஒட்டிக்கொண்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் அரைபடுகிறது. கோடையிலோ வெயில் ரப்பரைத் தின்கிறது. சீமைக் கருவேல முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றுக்கு எதிராக ஒரு நன்மையும் உண்டு: இது ஏறக்குறைய சமதளப் பூமி. மலையிறக்கத்தில் நெடுநேரம் பிரேக் பிடித்து ரிம் கொதிக்கும் தொல்லை இங்கே இல்லை. எனவே வெளியூர்ப் பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இந்த நிலத்துக்கு எவை பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்பதே சரியாகும்.

கம்பிச் சக்கரம் பாரத்தைத் தாங்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போகும் ஒவ்வொரு கம்பியும், அதன் ரிம் பக்க முனையில் உள்ள நிப்பிள் என்ற சிறு திருகுமூடியால் முறுக்கப்பட்டு இழுவிசையில் நிற்கிறது. வண்டியில் ஆள் ஏறியதும், தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைகிறது. சக்கரம் உருண்டு அந்த இடத்தைக் கடந்ததும் அது பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு கம்பியும் இப்படித் தளர்ந்து இறுகுகிறது. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.25 மீட்டர் என்பதால், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 445 சுற்றுகள் வரும். தினம் 20 கிலோமீட்டர் ஓட்டுபவரின் கம்பி ஒரு நாளில் ஏறக்குறைய 8,900 முறையும், 300 நாள்களில் 26 லட்சம் முறைக்கு மேலும் தளர்ந்து இறுகியிருக்கும். கம்பிகள் பெரும்பாலும் பள்ளத்தில் விழுந்த அந்த ஒரு அடியில் அறுவதில்லை. இப்படிப் பல லட்சம் முறை வளைந்து களைத்துப் போன பிறகு, ஹப்பின் துளைக்குள் கம்பி மடங்கும் இடத்தில் முறிகின்றன.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. கம்பிகளின் எண்ணிக்கை குறையக் குறைய, ஒவ்வொன்றும் அனுபவிக்கும் ஏற்றத்தாழ்வு கூடுகிறது. அடுத்து, போதிய முறுக்கு இல்லாத கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முற்றிலும் தொய்ந்து போகிறது. நிப்பிள் தானாகக் கழன்று, களைப்பும் விரைவில் வந்துவிடுகிறது. தளர்வான கம்பி நீடித்து உழைக்கும், இறுக்கமான கம்பி அறுந்துவிடும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். உண்மை நேர் எதிரானது. ஆகவே, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சக்கரங்களில் ஒன்று ஐந்து ஆண்டும் மற்றொன்று ஐந்து மாதமும் உழைப்பதற்கு, அவற்றைக் கோத்து முறுக்கிய கைதான் பெரும்பாலும் காரணம்.

இந்த அமைப்பு 150 ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்டது. பாரிஸைச் சேர்ந்த யூஜின் மேயர் 1869-இல் இழுவிசைக் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1874-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளை ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கோக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து சேர்ந்தது. அந்த மூன்றும் கூடிய சக்கரம்தான் இன்றைக்கும் நம் தெருவில் ஓடுகிறது.

அதன் நேரடி வாரிசு, டபுள் பார் வண்டியில் வரும் 28 அங்குல எஃகு ரிம். டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. முன்னும் பின்னும் சமமாக வைக்காமல் பின்னால் கூட்டியிருப்பது நல்ல பொறியியல். ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தின்மேல் விழுகிறது. கேரியரில் ஒரு மூட்டையோ ஆளோ ஏறினால் அந்தச் சுமை முழுவதும் அதற்கே போய்ச் சேரும். மேலும், பின்சக்கரத்தில் பிரீவீலுக்கு (சங்கிலி ஓடும் பல்சக்கரத்துக்கு) இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிடச் செங்குத்தாக நின்று அதிக இழுவிசையைத் தாங்குகின்றன. எஃகுக்கு இன்னொரு நற்குணம் உண்டு: அடி பட்டால் வளையும், எளிதில் வெடிக்காது. வளைந்த விளிம்பைத் தட்டி நிமிர்த்தி, நிப்பிள் சாவியால் கம்பிகளைத் திருகிக் கோட்டம் எடுத்து (கோணலை நேராக்கி), அரைமணி நேரத்தில் ஓட்ட வைத்துவிடலாம். கம்பியோ நிப்பிளோ, ஹப்புக்குள் இருக்கும் கோனோ குண்டோ எது வேண்டுமானாலும் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கிறது.

அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. எஃகின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, வண்டி கனக்கிறது. மழையில் குரோம் பூசிய ரிம்மில் பிரேக் பிடிக்கும் திறன் அபாயகரமான அளவுக்குக் குறைகிறது. உலர்ந்த சாலையில் நிற்கும் தூரத்தைப்போல் பல மடங்கு தூரம் வண்டி ஓடிவிடும். சந்தை நாளில், கூட்டத்தின் நடுவில், நனைந்த ரிம்மோடு வருபவர் இதை நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது குறை துரு. குரோம் பளபளப்பை அழகு என்றும் பாதுகாப்பு என்றும் சேர்த்தே விற்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

உலோக அரிப்பையும் மின்முலாம் பூசுவதையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. கடற்காற்றின் அரிப்பைக் கவனிக்க மண்டபத்திலும் அதற்கு மையம் உண்டு. அந்தத் துறையின் அடிப்படைப் பாடம் ஒன்று நம் ரிம்முக்கு அப்படியே பொருந்துகிறது. குரோம் பூச்சில் மேலே தெரியும் குரோமியம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமனே உடையது. எஃகைக் காப்பது அதன் அடியில் உள்ள நிக்கல் அடுக்கு. மலிவான ரிம்மில் நிக்கலைத்தான் குறைத்துப் பூசுவார்கள், பளபளப்போ ஒன்றாகவே இருக்கும். நிக்கலும் குரோமியமும் இரும்பைவிட எளிதில் அரிக்காதவை என்பதால், பூச்சில் ஓரிடத்தில் கீறல் விழுந்து ஈரம் பட்டால், அரிப்பு முழுவதும் அந்தச் சிறு துளையில் வெளிப்பட்ட இரும்பின்மேல் குவிகிறது. குரோம் ரிம்மில் துரு பொட்டுப் பொட்டாக, ஆழமாக இறங்குவதன் காரணம் இதுதான். துத்தநாகம் பூசிய கம்பி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் அரிபடுவதால், கீறல் விழுந்த இடத்திலும் தன்னை இழந்து இரும்பைக் காக்கிறது. பார்வைக்கு மங்கலான சாம்பல் நிறமாக இருக்கிறது, ஆனால் நெடுநாள் உழைக்கிறது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இரண்டையும் சேர்த்துத் தருகிறது. விலை கூடுதலானாலும், ஒரு சக்கரத்துக்கான மொத்தச் செலவில் அந்த வேறுபாடு பெரிதல்ல. கிடைத்தால் அதையே கேட்டு வாங்கலாம். நிப்பிள் மட்டும் பித்தளையாக இருக்க வேண்டும். நிறம் பூசிய அலுமினிய நிப்பிள்கள் அழகாக இருக்கின்றன. சில மழைக்காலங்கள் கடந்ததும் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, சாவி போட்டால் திரும்பாமல் வெடிக்கின்றன.

தொண்டிக் கடற்கரையில் ஓடும் வண்டியைவிடக் காரைக்குடியில் ஓடும் வண்டி மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். இருந்தாலும் எஃகு ரிம்மின் உட்புறத்தைக் கவனிக்க வேண்டும். கம்பித் துளைகள் வழியாகவும் வால்வ் துளை வழியாகவும் உள்ளே போகும் நீர் ரிம் டேப்புக்கு (நிப்பிள் தலைகள் ட்யூபைக் குத்தாமல் காக்கும் பட்டைக்கு) அடியில் தேங்கி, வெளியே எதுவும் தெரியாமல் உள்ளிருந்து தின்கிறது. பஞ்சர் ஒட்ட டயரைக் கழற்றும்போதெல்லாம் டேப்பைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வகை, கம்பி வைத்த அலாய் (அலுமினியக் கலவை) ரிம். இதில் ஒற்றைச் சுவர், இரட்டைச் சுவர் என்று இரு பிரிவுகள் உள்ளன, அவற்றுக்கு இடையிலான வேறுபாடு வெளியிலிருந்து தெரியாது. டயரையும் டேப்பையும் கழற்றினால், ஒற்றைச் சுவர் ரிம்மில் நிப்பிள் தலைகள் நேராகக் கண்ணில் படும். இரட்டைச் சுவரில் பெரிய துளைக்கு உள்ளே, ஒரு வெற்றிடத்துக்கு அப்பால், ஆழத்தில் தெரியும். அலுமினியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் குறையை உருவத்தால் ஈடுசெய்யவே பெட்டி போன்ற இரட்டைச் சுவர் அமைப்பு வந்தது. அதனால் ஒற்றைச் சுவர் அலாய் ரிம்மை, கனமான ஆளுக்கோ பாரம் ஏற்றும் வண்டிக்கோ நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது எஃகின் வலிமையையும் தரவில்லை, இரட்டைச் சுவரின் விறைப்பையும் தரவில்லை. இரட்டைச் சுவர் ரிம்மும் 36 கம்பியும் சேர்ந்தால், அல்லது எடை குறைந்த ஓட்டுநருக்கு 32 கம்பி இருந்தால், இந்தப் பகுதியின் எல்லாப் பாதைகளுக்கும் போதுமான சக்கரம் கிடைத்துவிடுகிறது. மழையில் பிரேக் எஃகு ரிம்மைவிடத் தெளிவாக நன்றாகப் பிடிக்கிறது, துருவும் இல்லை.

ஆனால் அலுமினியம் தேயும். செம்மண் துகள் பிரேக் கட்டையில் பதிந்துகொண்டு ரிம்மின் பக்கச் சுவரை ஒவ்வொரு பிடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. விரலால் தடவிப் பார்த்தால் சுவர் குழிந்திருப்பது தெரியும் அளவுக்கு வந்துவிட்டால், அந்த ரிம்மை மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் காற்றழுத்தத்தில் சுவர் பிளந்துகொள்ளும். மழை விட்டதும் பிரேக் கட்டைகளைச் சுத்தம் செய்து, அவற்றில் பதிந்திருக்கும் மணலையும் அலுமினியச் சில்லுகளையும் ஊசியால் எடுத்துவிடுவது ரிம்மின் ஆயுளைக் கூட்டும். டிஸ்க் பிரேக் வண்டியில் இந்தத் தேய்மானமே கிடையாது. அதில் பிரேக்கின் முறுக்கு விசை ஹப்பிலிருந்து கம்பிகள் வழியாக ரிம்முக்குப் போவதால், கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கோக்கப்பட்டிருக்க வேண்டும்; ஹப்பிலிருந்து நேர்க்கோட்டில் கதிர்போல் விரியும் கோப்பு அழகாக இருந்தாலும் டிஸ்க் பக்கத்துக்கு உதவாது.

கறுப்பு ரிம், சிவப்பு ரிம் என்ற கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியில், பிரேக் படும் பட்டையின்மேல் வண்ணம் பூசியிருந்தால் அது சில வாரங்களில் சொரசொரப்பாக உரிந்து, வாங்கியபோது இருந்த அழகைவிட மோசமான தோற்றத்தைத் தரும். உரியும் வரை பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. பிரேக் பட்டை மட்டும் கடைந்து வெள்ளியாக விடப்பட்டு, மீதி கறுப்பாக இருக்கும் ரிம்மைத் தேடி வாங்கினால், நிறமும் நிலைக்கும், பிரேக்கும் பிடிக்கும். டிஸ்க் பிரேக் வண்டிக்கு எந்த நிறமும் சரி. வலிமையைத் தொடாமல் அழகைச் சேர்த்துக்கொள்ள இதுவே நல்ல வழி, பிள்ளைகளின் ஆசைக்கு இந்த இடத்தில் தாராளமாக இடம் கொடுக்கலாம்.

மூன்றாவதான மேக் வீல், இன்றைய இளைஞர்களின் கண்ணை முதலில் இழுப்பது. மூன்று, ஐந்து அல்லது ஆறு அகலக் கைகளோடு ஒரே வார்ப்பாக வரும் இந்தச் சக்கரம் மோட்டார் சைக்கிளின் தோற்றத்தைச் சைக்கிளுக்குக் கொடுக்கிறது. 1970-களில் பிஎம்எக்ஸ் வண்டிகளுக்காகக் கண்ணாடி இழை கலந்த நைலானில் இதுபோன்ற வார்ப்புச் சக்கரங்கள் வந்தன. இப்போது நம் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் மக்னீசியக் கலவையிலோ அலுமினியக் கலவையிலோ வார்க்கப்பட்டவை. இதன் சிறப்புகளை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அறுவதற்குக் கம்பி இல்லை, அடிக்கடி கோட்டம் எடுக்க வேண்டியதில்லை, துடைப்பது எளிது, சிறுவர்கள் கம்பிக்குள் குச்சியையோ காலையோ விடும் ஆபத்தும் குறைவு.

மோட்டார் சைக்கிளில் வார்ப்புச் சக்கரம் பொருந்துவதற்கு, அங்கே எடையை இழுக்க எஞ்சின் இருப்பதும், ட்யூப் இல்லாத டயரைப் போட அது வசதியாக இருப்பதும் காரணங்கள். சைக்கிளில் எடையை இழுப்பது முழங்கால். டயருக்குள் பெரும்பாலும் ட்யூப்தான் இருக்கிறது. ஆக, சைக்கிளுக்கு வரும்போது அந்த நன்மைகள் மறைந்து, கனம் மட்டும் கூடவே வருகிறது. இதைவிடப் பெரிய தடை பழுதுபார்ப்பில் இருக்கிறது. வேகத்தடையில் மோதி வார்ப்பு வளைந்தால் நிமிர்த்த வழியில்லை, தட்டினால் வெடிக்கலாம். ஒரு கையின் அடியில் மயிரிழை விரிசல் கண்டால் அந்தச் சக்கரத்தை அப்படியே ஒதுக்க வேண்டும். சில வகைகளில் ஹப் தேய்ந்தாலும் முழுச் சக்கரமும் போகிறது. “அண்ணே, கம்பி போனா கம்பியை மாத்தித் தந்துடுவேன்; இது போனா வீலையே வாங்கிட்டு வரணும்” என்று கடைக்காரர் சொல்வதில் விற்பனைத் தந்திரம் எதுவும் இல்லை. அதே கை எண்ணிக்கையும் அதே ஹப் அளவும் கொண்ட மாற்றுச் சக்கரம் இரண்டு ஆண்டு கழித்துக் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. வடிவங்கள் அவ்வளவு விரைவில் மாறுகின்றன. அப்போது முன்னால் ஒரு வடிவமும் பின்னால் ஒரு வடிவமுமாக ஓட்ட நேரும், எந்த அழகுக்காக வாங்கினாரோ அந்த அழகும் போய்விடும். மக்னீசியத்தைப் பற்றி இன்னொன்று: வண்டியில் பயன்படும் உலோகங்களிலேயே மிக எளிதில் அரிபடுவது அதுதான். பெயிண்ட் உரிந்த இடத்தில், அதிலும் எஃகு அச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், மழைநீர் பட்டால் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடுகிறது.

நான்காவது, ஆழமான ரிம்மும் (ஹப்பை நோக்கி அகலமாக நீளும் ரிம்) 16 முதல் 24 வரையான கம்பிகளும் கொண்ட பந்தயச் சக்கரம். அதிகாலையில் கூட்டமாகப் பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் சாலையில் போகிறவர்களிடம் இந்த ஆசை இருக்கிறது. காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியில் (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காக) ஏறுவதால், மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் நெடுநேரம் ஓட்டுபவருக்கு ஆழமான ரிம் ஓரளவு உதவும். மணிக்கு 15, 18 கிலோமீட்டரில் போகிறவருக்கு அந்த உதவி உணரும்படி இருக்காது. எந்த வேகத்திலும் காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடலுக்கே உரியது. ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஆழமான முன்ரிம் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்கும். கம்பி குறைவாக இருப்பதால் ஒன்று அறுந்தாலே ரிம் பிரேக்கில் உரசும் அளவுக்குக் கோணிக்கொள்ளும். 40 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனாலும் வீடு வந்து சேரலாம். கார்பன் ரிம்மாக இருந்தால், பள்ளத்தில் பட்ட அடியின் விரிசல் உள்ளடுக்கில் மறைந்திருக்கக்கூடும். சாதாரணக் கண்ணால் அதைக் கண்டறிவது கடினம். போட்டிக்கு ஓட்டுபவர் இதை இரண்டாவது ஜோடியாக வைத்துக்கொள்ளட்டும். ஒரே ஜோடிச் சக்கரம் வைத்திருப்பவருக்கு இது வேண்டாம்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. சுழலும் ரிம்மின் எடை, வேகம் பிடிக்கும்போது மட்டும் நிலையான எடையைப்போல் இரு மடங்காகக் கணக்காகும் என்பது உண்மை. இரு ரிம்களும் சேர்ந்து அரைக் கிலோ குறைந்தால் ஒரு கிலோ குறைந்ததற்கு ஈடு. ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்றால், அது நூற்றில் ஒன்றே கால் பங்கு. சமதளத்தில் ஒரே சீராக ஓடும்போது அந்த அளவும் இல்லை. எடை குறைவுக்காக உறுதியை விட்டுக்கொடுக்கச் சொல்லும் பேச்சை இந்த அளவில் வைத்து மதிப்பிடுவது போதும்.

யாருக்கு எது என்பதை இனிச் சொல்லலாம். சுற்றுக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் வரும் மாணவருக்கு, பையும் அவ்வப்போது ஒரு நண்பரும் பின்னால் ஏறுவார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து, 36 கம்பி கொண்ட இரட்டைச் சுவர் அலாய் ரிம்மைத் தேர்ந்தெடுக்கலாம். பணம் குறைவென்றால் எஃகு ரிம் போதும், ஒற்றைச் சுவர் அலாய்க்குப் போக வேண்டாம். அரசு 11-ஆம் வகுப்பில் தரும் விலையில்லா சைக்கிள் கையில் இருந்தால், அதைத் தள்ளிவிட்டுப் புதிதாக மேக் வீல் வண்டி வாங்குவதைவிட, அதன் பின்சக்கரத்தை நல்ல கம்பிகளால் மறுபடி கோத்துக்கொள்வது அறிவான செலவு. பால், காய்கறி, சிலிண்டர் ஏற்றுபவருக்கு எஃகு ரிம்மும் 40 கம்பியும் தவிர வேறு யோசனை தேவையில்லை. அவரிடம் போய் அழகைப் பற்றிப் பேசுவது நியாயமாகவும் இராது.

நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் சைக்கிளிலேயே பார்த்துவர விரும்பி, இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி என்று உட்சாலைகளில் நாள் முழுவதும் சுற்றுபவருக்கு, 32 கம்பி இரட்டைச் சுவர் ரிம்மும் 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயரும் பொருந்தும். அளவைத் தேர்ந்தெடுக்கும்போது, கடையில் 29 அங்குலம் என்று சொல்வதும் 700சி என்று சொல்வதும் டயர் உட்காரும் விட்டத்தில் ஒரே 622 மில்லிமீட்டர்தான் என்பதை அறிந்துவைத்தால் டயர் தேடுவது எளிதாகும். 27.5 அங்குலம் 584 மில்லிமீட்டர். பழைய மலைவண்டியின் 26 அங்குலம் 559. டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இந்த மில்லிமீட்டர் எண்ணை நம்புங்கள். அங்குலக் கணக்கு ஏமாற்றும், ஏனெனில் 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த தேர்வு, கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளை விடுதியாக்கி விருந்தினருக்குச் சைக்கிள் கொடுப்பவர்களுடையது. அங்கே தோற்றம் உண்மையான தேவை. வாசலில் நிற்கும் வண்டியையும் சேர்த்தே விருந்தினர் படம் எடுக்கிறார்கள். மேக் வீல் வண்டிகளை வாங்கி நிறுத்துவதைவிட, 28 அங்குல எஃகுச் சக்கரமும் கறுப்பு பிரேமும் கொண்ட பழைய பாணி வண்டிகளே அந்தத் தேக்குத் தூண்களின் முன்னால் இடத்துக்குரியவையாக நிற்கின்றன. இந்த ஓரிடத்தில் அழகும் உழைப்பும் ஒரே சக்கரத்தைக் கைகாட்டுகின்றன. வண்டி பல வாரம் ஓடாமல் நிற்கும் என்பதால் துருப்பிடிக்காத கம்பி போடுவதும், மாதம் ஒரு முறை காற்று அடிப்பதும், மழை நாளில் விருந்தினரிடம் பிரேக் தாமதமாகப் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்வதும் உரிமையாளரின் கடமை. வண்டி உயரமாக இருப்பதால், ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்காக 26 அங்குலச் சக்கர வண்டிகள் சிலவும் வைத்திருக்க வேண்டும்.

எந்த வகையானாலும் கடையை விட்டு வெளியே வருமுன் சில நிமிடம் செலவிடுங்கள். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள இடைவெளி சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டினால் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஹப்பில் ஆட்டம் இருக்கக் கூடாது. இயந்திரத்தால் கோக்கப்பட்ட மலிவுச் சக்கரங்கள் முறுக்குக் குறைவாகவே வருகின்றன. எனவே வாங்கிய அன்றே, கை தேர்ந்தவரிடம் கொடுத்து எல்லாக் கம்பிகளையும் ஒரு முறை சீராக முறுக்கிக் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் தத்தம் இடத்தில் அமர முதல் சில வாரம் பிடிக்கும். அதன்பின் இன்னொரு முறை காட்டினால், பிறகு நெடுநாள் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்காது.

டயரின் நிறமும் இந்தத் தேர்வின் ஒரு பகுதியே. டயருக்குக் கறுப்பு நிறம் தரும் கரித்தூள் ரப்பருக்கு வலிமை கூட்டி, வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்தும் காக்கிறது. பக்கச் சுவர் மட்டும் பழுப்பாக இருக்கும் டயர் இப்போது விரும்பி வாங்கப்படுகிறது. நிழலில் நிறுத்த இடமுள்ளவர்கள் அதை வாங்கலாம். பள்ளி மைதானத்திலோ பேருந்து நிலையத்துக்கு வெளியிலோ சித்திரை வெயிலில் நாள் முழுவதும் நிற்கப்போகும் வண்டிக்கு, முழுக் கறுப்பு டயரையே போடுங்கள். மிச்சமாகும் பணத்தில் முள் தாங்கும் பட்டை ஒரு ஜோடி உள்ளே வைத்துக்கொள்ளலாம்.